நாலு மைக்குள் நிற்காத நீலம்

"…படம்னு ஒண்ணு இருந்துட்டா, நாளைக்கு நீங்க படத்தைத்தான் நம்புவீக மொதலாளி. இன்னைக்குக் கண்ணால பாத்ததை நம்ப மாட்டீக. அதுக்குத்தான் சொல்றேன்" என்றார் மாடசாமி.

வெம்பக்கோட்டை அணைக்குக் கீழே, கருவேலம் வெட்டி ஒதுக்கிய ஒரு பொட்டல். பொழுது இறங்கிவிட்டது. மேற்கே ஒரு கீற்றுச் சிவப்பு மட்டும் மிச்சம். ஆனி மாதத்து மேல்காற்று என் முந்தானையை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. தூரத்தில், தரையில் பாதி புதைத்த ஓர் இரும்புக் குழாய். அதற்குள் ஒரே ஒரு வாணவெடி. இந்தப் பக்கம் ஸ்டாண்டில் நிறுத்திய கேமரா, அதன் பின்னால் ஸ்டுடியோக் கண்ணன். வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியோடு காரில் சாய்ந்து நின்ற பட்டாசுக் கம்பெனி முதலாளி. செருப்பில் நெருஞ்சி முள் ஏறிய நான்.

"படம் வேணாம்ங்கியா? படத்துக்குத்தானய்யா இம்புட்டுப் பேரும் வேலையைப் போட்டுட்டு வந்திருக்கோம்" என்றார் முதலாளி.

அதற்கு மாடசாமி ஒன்று செய்தார். அதைச் சொல்வதற்கு முன், நாங்கள் ஏன் அங்கே போய் நின்றோம் என்பதைச் சொல்ல வேண்டும். அதை என் தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். "தப்புப் பண்ணினவ வாயைத் திறந்தா பாதித் தப்பு வெளிய போயிரும்" என்பாள் எங்கள் தெருவில் பூ விற்கும் ராக்கம்மா. மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு விசை

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். லேபிள், காலண்டர், பட்டாசுக் கம்பெனிகள் வடக்கே வியாபாரிகளுக்கு அனுப்பும் படப் பட்டியல், எல்லாம் எங்கள் அறையைத் தாண்டித்தான் மிசினுக்குப் போகும். அறைக்கு ஏசி உண்டு. கம்ப்யூட்டருக்காகப் போட்டது. நாங்கள் அதன் புண்ணியத்தில் வாழ்ந்தோம்.

எனக்கு இந்த வேலையை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண், கல்யாணமாகிப் போகிற அவசரத்தில் சொல்லிக்கொடுத்தது இரண்டே வரி: "கம்ப்யூட்டர் கேள்வி கேட்டா எண்டர் தட்டுங்கக்கா. போட்டோ வந்தா எஃப் டூ தட்டுங்க."

கேள்வி என்று அவள் சொன்னது, சில படங்களைத் திறக்கும்போது முன்னால் வந்து நிற்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் நாலைந்து வரி இங்கிலீஷ். எழுத்தைக் கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். பொருள் தெரியாது. எண்டர் தட்டினால் போய்விடும். போய்விட்டால் நல்லதுதானே என்று இருந்தேன்.

எஃப் டூ என்பது வேலையைச் சுருக்க யாரோ பதிந்து வைத்திருந்த குறுக்குவழி. அதைத் தட்டினால் படம் நாலு கலருக்கு மாறி, அதே பெயரில் அதே இடத்தில் சேமித்துக்கொண்டு, தானே மூடிக்கொள்ளும். ஒரு ஃபோல்டர் முழுக்க நூறு படம் இருந்தாலும் ஒரே தட்டு. நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.

கேமராவும் கம்ப்யூட்டர் திரையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சத்தில் பேசுகிறவை. அதற்கு ஆர்ஜிபி என்று பெயர். அச்சு மிசின் பேசுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையில். அது சிஎம்ஒய்கே. எங்கள் ஊரில் கடைசியில் எல்லாமே மைதான். அதனால் வந்ததும் மாற்றிவிடுவது என்பது வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி ஒரு பழக்கம். "சிவகாசிக்குள்ள வந்துட்டா ஆர்ஜிபி பேண்டைக் கழட்டிட்டு சிஎம்ஒய்கே கைலிய கட்டிக்கிடணும்" என்பார் ஆப்செட் மிசின் ஓட்டும் செல்வராஜ் அண்ணாச்சி.

அவரே பின்னால் ஒரு நாள் இன்னொன்றும் சொன்னார். "அண்டாத் தண்ணிய செம்புல ஊத்துனா மிச்சம் தரையில போயிரும் தாயி. அப்புறம் செம்பைத் திருப்பி அண்டாவுல கவுத்தா அண்டா நெறையுமா?" வெளிச்சத்தின் கலர்கள் அண்டா. மையின் கலர்கள் செம்பு. இவ்வளவுதான் விஷயம். இதை எனக்கு ஆறு வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இது நடந்த வருடத்துப் பட்டாசுப் படப் பட்டியல் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வெடித்துச் சிதறும் படங்கள். பதினோராம் பக்கத்தில் மட்டும் படம் கிடையாது. நடுவில் ஒரு நீல வட்டம், கீழே ரகத்தின் பெயர். அச்சுப் பிழையா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். பிழை இல்லை.

பெருசா இருந்தா நல்லதுதானே

கண்ணனுக்கு விருதுநகரில் ஸ்டுடியோ. டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிது. அதை டர்க்கி டவலில் சுற்றி, பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வருவான். கேமராவுக்குள் கலர் ஸ்பேஸ் என்று ஓர் இடம் இருக்கும். படம் எவ்வளவு பெரிய வண்ண வட்டத்துக்குள் பதிய வேண்டும் என்று அங்கே சொல்லலாம். சின்னது ஒன்று, பெரியது ஒன்று. கண்ணன் பெரியதை வைத்திருந்தான். ஏன் என்று கேட்டால், "பெருசா இருந்தா நல்லதுதானக்கா" என்பான்.

நல்லதுதான், படத்தைத் திறக்கிற மிசினுக்கும் அது பெரிய வட்டம் என்று தெரிந்திருந்தால். எங்கள் சாம்பல் பெட்டி கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான். தெரியாத இடத்தில் திறந்தால் படம் சோகை பிடித்துத் தெரியும். சாத்தூர்ப் பக்கம் ஒரு சடங்கு வீட்டுப் படத்தை அவன் அப்படியே கலர் லேப் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட, மஞ்சள் பூசிய பெண் சாம்பல் பூசினது மாதிரி வந்துவிட்டாள். தாய்மாமன் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்து, "ஏலே, எங்க பிள்ளைக்குச் சடங்கு வச்சோமா, சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனோமா?" என்று கேட்டாராம். கண்ணன் அதைச் சிரிக்காமல்தான் சொன்னான். நாங்கள்தான் சிரித்தோம்.

ஆறு வெடி

மாடசாமி தாயில்பட்டிக்காரர். அவருடைய ஐயா காலம் வரை மானாவாரிக் காட்டில் கூலிவேலை. இவர் பட்டாசுக் கம்பெனியில் கலர் மருந்து கலக்கும் அறையில் இருந்தார். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் இடுக்கில் எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு வெள்ளிச் சாம்பல்.

"சிவப்பு கூப்பிட்டா வரும்க்கா. பச்சை கேட்டா வரும். இந்த நீலம் இருக்கே, அது மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. லேசா சூடு கூடிருச்சுன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிரும்" என்பார். நீலம் தரும் செம்பு உப்பு, தீ கொஞ்சம் மிஞ்சினாலும் வெளுத்துவிடுமாம். அதனால் கடையில் நீலம் என்று விற்பதெல்லாம் வானத்தில் போய்க் கத்தரிப்பூவாகத்தான் விரியும். வாங்குகிறவர்களும் அதையே நீலம் என்று பழகிவிட்டார்கள்.

மாடசாமி பழகவில்லை. சட்டைப் பையில் ஒரு பழைய தீப்பெட்டி லேபிள் வைத்திருப்பார். அதன் பின்னணி நல்ல மயில்கழுத்து நீலம். அதை வானத்தில் விரிய வைப்பது என்று பல வருஷமாக மல்லுக்கட்டினார். மருந்துக்காரர்கள் சோதிக்கும் விதமே தனி. சிட்டிகை மருந்தைக் கொளுத்திவிட்டுத் தீயைப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சுவரைப் பார்ப்பார்கள். "நெருப்பை நேராப் பாத்தா கண்ணு ஆசைப்பட்டதைக் காட்டும்க்கா. சொவத்துக்கு ஆசை கிடையாது" என்று மாடசாமி ஒரு தடவை எனக்கு விளக்கினார்.

ஒரு நாள் சுவரில் அந்த நீலம் விழுந்தது.

முதலாளி அதைக் கேள்விப்பட்டதும், "பட்டியல்ல ஏறுச்சுன்னா நீலத்துக்குன்னு தனி ஷெட்டு. நீதான் அதுக்குப் போர்மேன். ஏறலேன்னா பேசாம பழையபடி தரைச்சக்கரத்துக்குப் போயிரு. மருந்தை வீணாக்காத" என்று சொல்லிவிட்டு, வியாபாரிகளைப் பார்க்க வடக்கே ரயிலேறிவிட்டார். இருந்த செம்பு உப்பில் மாடசாமி ஆறு வெடி கட்டினார். அந்த உப்பு அதோடு முடிந்தது. அடுத்து வரும் சரக்கு அதே குணத்தில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே பொட்டலில்தான் அன்றும் விட்டார்கள். நான் போகவில்லை. கண்ணன் சொல்லக் கேட்டதுதான். முதல் வெடிக்கு அவன் கேமரா மூடியைக் கழற்றவில்லை. இரண்டாவதற்குப் பொத்தானை அமுக்கும் முன்பே பூ உதிர்ந்துவிட்டது. மூன்றாவது படத்துக்கு வெளியே. நாலாவது ஆடிவிட்டது. ஐந்தாவதுதான் படத்தில் சரியாக விழுந்தது. ஆறாவதை மாடசாமி தரவில்லை. "இதையும் விட்டா என் கையில ஒண்ணுமில்ல" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

கால் நிமிஷம்

மறுநாள் கண்ணன் வந்து படங்களை என் கம்ப்யூட்டரில் ஏற்றினான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கார்டு. அதற்கு அடுத்த நாள் அவனுக்கு ஒரு காதுகுத்து வீட்டில் வேலை. அங்கேயே கார்டைத் துடைத்துவிட்டுக் கிளம்பினான்.

நான் படத்தைத் திறந்தேன். சாம்பல் பெட்டி வந்து நின்றது. பெட்டிக்குப் பின்னால் அந்த நீலம். கறுப்பு வானத்தில், கிண்ணத்தைக் கவிழ்த்தது மாதிரி. இவ்வளவு காலம் திரையில் எத்தனையோ நீலம் பார்த்திருக்கிறேன். இது வேறு. கால் நிமிஷம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எண்டர் தட்டினேன். பிறகு ஃபோல்டருக்கு எஃப் டூ தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சோதனை அச்சு வந்தபோது நான் அந்த அறையில் இல்லை. தாள் நேராக முதலாளியிடம் போயிருக்கிறது. அவர் அன்றுதான் ஊர் திரும்பியிருந்தார். தாளில் விரிந்திருந்தது சுத்தமான கத்தரிப்பூ.

"இதுவும் கத்தரிப்பூதானய்யா. வருசா வருசம் பாக்குறதுதான. எடுத்துருங்க" என்றாராம்.

அதைவிடப் பெரிய அடி கண்ணனிடமிருந்து வந்தது. அவன் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கும் லேசா கத்தரிப்பூ அடிச்ச மாதிரித்தான் இருந்துச்சு மொதலாளி" என்று சொல்லிவிட்டான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகு அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

மத்தியானம் மாடசாமி அந்தத் தாளோடு என் முன்னால் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசிக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டார்.

"எனக்கே சந்தேகம் வந்துட்டுக்கா. அன்னைக்கு நான் பாத்தது நீலந்தானா, இல்ல நீலமா இருக்கணும்னு நினைச்சிக்கிட்டே பாத்தேனா? பொட்டல்ல சொவரு ஒண்ணும் இல்லயே."

நான் படத்தைத் திறந்து, மறுபடி ஆர்ஜிபிக்கு மாற்றிப் பார்த்தேன். கத்தரிப்பூ கத்தரிப்பூவாகவே இருந்தது. செம்பைத் திருப்பிக் கவிழ்க்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. அசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடினேன். எஃப் டூ அசலின் மேலேயே எழுதியிருந்தது. கண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் கார்டில் யாரோ ஒரு குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

மிசின் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் எதற்கும் மிசினைச் சொல்லலாம், அது மறுத்துப் பேசாது. சொல்லவில்லை.

"தப்பு என்னோடது தம்பி. வந்த படத்துல இருந்தது நீலம். நான் பாத்தேன்."

"பாத்தீகளா?"

"கால் நிமிஷம்."

"போதும்க்கா" என்றார். "என் வெடியே அஞ்சு நொடிதான்."

பிறகு பையிலிருந்து தீப்பெட்டி லேபிளை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். "இதுவும் நம்ம ஊர்ல அடிச்சதுதான. இதுல மட்டும் எப்படி நீலம் நிக்குது?"

"அது தனி மை. நாலைக் கலந்து வந்ததில்ல. டப்பாவுலயே நீலமா இருந்ததை ஊத்தி அடிச்சது."

அவர் லேபிளைத் திரும்பக் கையில் எடுத்தார். "அப்ப நீலம் தாள்ல வரும். படத்துலதான் வராது" என்றார். நான் அதை அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்தப் பதினோராம் பக்கம் அச்சானபோதுதான் விளங்கியது.

கிட்டத்து நீலம்

அன்றைக்கே முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "உங்க தப்போ, மிசின் தப்போ, எனக்கு அது விளங்காதும்மா. வெள்ளிக்கிழமை பட்டியல் அச்சுப் பிளேட்டு எடுக்கப் போகணும். ஒண்ணு மிச்சம் இருக்குங்கான்ல, அதை நாளைக்கு விடச் சொல்லுங்க. கண்ணன் எடுக்கட்டும். நானும் வாறேன். படத்துல நீலம் இருந்தா ஏத்துவோம்" என்றார். நியாயமாகத்தான் பேசினார்.

அன்று சாயங்காலம் சாம்பல் பெட்டியின் இங்கிலீஷை ஒரு தாளில் எழுதி, எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்தேன். "இந்தப் படம் வேற வண்ண வெளியில செஞ்சது, அப்படியே வச்சுக்கவா, மாத்தவா, அடையாளத்தைத் தூக்கிப் போடவா, உங்க விருப்பம் என்னன்னு கேக்குது" என்றார். ஆறு வருஷமாக மரியாதையாக என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறது. நான் முகத்தைப் பார்க்காமல் சரி சரி என்றிருக்கிறேன்.

மறுநாள் ஒழுங்காக வேலை செய்தேன். அசலைத் தனியாக வைக்க இரண்டு சிடி எடுத்து வைத்தேன். எஃப் டூவை அழித்தேன். ஞாபகத்தில் இருந்த நீலத்தைத் திரையில் ஒரு கட்டமாகப் போட்டு, நாலு மைக்கு மாற்றிப் பார்த்தேன். கத்தரிப்பூவுக்குச் சரிந்தது. மெஜந்தாவைக் குறைத்தேன். பள்ளிக்கூடச் சட்டை மாதிரி வெளிறியது. சயானைக் கூட்டினேன், கறுப்பைத் தொட்டேன். இரண்டுக்கும் நடுவில் அந்த நீலம் இருக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் வழியே இல்லை. என் தப்பு இல்லாமல் இருந்திருந்தாலும் இது இப்படித்தான் முடிந்திருக்கும். அதில் எனக்கு ஆறுதல் இருந்தது என்று சொன்னால் பொய்.

பொட்டலுக்குக் கண்ணனின் வேனில் போனேன். மாடசாமி குழாயைப் புதைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். "தம்பி, இன்னைக்குப் படம் எம்புட்டு நல்லா விழுந்தாலும், அச்சுல முழுசா வராது. கிட்டத்துல கொண்டு போயிரலாம்."

மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே கேட்டார். "கிட்டத்துலன்னா?"

"கிட்டத்துலதான்."

"கிட்டத்து நீலந்தான் எல்லாக் கடையிலயும் விக்குதேக்கா."

முதலாளியின் கார் வந்தபோது வெளிச்சம் இருந்தது. மாடசாமி நேராகப் போய்த் தீப்பெட்டி லேபிளை அவர் கையில் கொடுத்தார். "இதை நல்லாப் பாத்துக்கோங்க மொதலாளி. இருட்டுனப்புறம் தெரியாது."

"என்னத்துக்குய்யா?"

"பாத்து வைங்க."

முதலாளி ஒரு கொடுக்கல் வாங்கல் சீட்டைப் பார்ப்பது மாதிரி அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பொழுது இறங்கியது. அணைப் பக்கமிருந்து தவளைச் சத்தம். கண்ணன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "நான் ரெடி, நீங்க சொல்லுங்க" என்றான். இந்தத் தடவை மூடியைக் கழற்றியிருந்தான்.

அப்போதுதான் மாடசாமி அதைச் சொன்னார். படம் இருந்தால் படத்தைத்தான் நம்புவீர்கள் என்று. கண்ணனுக்குச் சுருக்கென்றிருக்கும். தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி, படத்துக்குத்தானே வந்திருக்கிறோம் என்று கேட்டார்.

மாடசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு தரம் உதறினார். கேமராவைத் தலையோடு மூடி, காற்றுக்குப் பறக்காதபடி ஸ்டாண்டின் காலில் முடிச்சுப் போட்டார். கண்ணனின் விரல் துண்டுக்கு வெளியே அப்படியே நின்றது. ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு குழாயை நோக்கி நடந்தார். குனிந்தார். திரி சீறியதும் விறுவிறுவென்று எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்தோம். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதலாளியின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.